பத்து அங்குலச் சக்கரத்துக்காகப் பிடிவாதம் பிடித்தவர்: மினி காரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ்

மிஸ்டர் பீன் ஓட்டும் அந்தக் குட்டிப் பச்சைக் கார் ஞாபகம் இருக்கிறதா? கூரைமேல் நாற்காலியைக் கட்டி, அதில் உட்கார்ந்து ஓட்டுவாரே, அதே கார்தான். அடுத்த முறை அந்தக் காட்சியைப் பார்க்கும்போது சிரிப்பைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு அதன் சக்கரங்களைப் பாருங்கள். பொம்மைக் காரின் சக்கரம் மாதிரி இருக்கும். ரிம்மின் குறுக்களவு வெறும் 10 அங்குலம்.

இன்று நம்மில் பலர் கார் வாங்கியதும் முதலில் யோசிப்பது ரிம்மைப் பற்றித்தான். 15 அங்குலம் இருந்தால் 16 போடலாமா, 17 போட்டால் இன்னும் எடுப்பாக இருக்குமா என்று. பெருசா போட்டால் கார் நல்லா ஓடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஆனால் கார் வரலாற்றில் ஆகப் பெரிய மாற்றங்களில் ஒன்றைச் செய்தவர், சக்கரத்தை எவ்வளவு சிறிதாக்க முடியும் என்றுதான் மண்டையை உடைத்துக்கொண்டார். அவர் பெயர் அலெக் இசிகோனிஸ்.

எரிந்த ஊரிலிருந்து வந்த பையன்

இசிகோனிஸ் 1906ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் தேதி ஸ்மிர்னாவில் பிறந்தார். இன்றைய துருக்கியின் இஸ்மிர் நகரம் அது. அப்போது ஒட்டோமான் பேரரசின் பரபரப்பான துறைமுகம். அப்பா கான்ஸ்டன்டைன் கிரேக்க வம்சாவளி, ஆனால் பிரிட்டிஷ் குடிமகன். தாத்தா அங்கே பிரிட்டிஷ் ரயில்பாதை நிறுவனத்துக்கு வேலை செய்ததால் குடும்பத்துக்குக் கிடைத்த குடியுரிமை அது. அம்மா ஹுல்டா ஜெர்மன் வம்சாவளி, மதுபானம் தயாரிக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவர். அப்பா கப்பல் இயந்திரப் பட்டறை நடத்தினார். பையன் இயந்திரங்களுக்கும் வரைபடங்களுக்கும் நடுவிலேயே வளர்ந்தான்.

1922 செப்டம்பரில் எல்லாம் மாறியது. கிரேக்க-துருக்கிப் போரின் முடிவில் துருக்கியப் படை ஸ்மிர்னாவுக்குள் நுழைந்தது. சில நாள்களில் நகரின் பெரும் பகுதி தீக்கிரையானது. பிரிட்டிஷ் குடியுரிமை இருந்ததால் இசிகோனிஸ் குடும்பத்தைப் பிரிட்டிஷ் கடற்படை மால்டாவுக்கு ஏற்றிச் சென்றது. வீடு, பட்டறை, சொத்து எல்லாம் போய்விட்டது. கொஞ்ச காலத்திலேயே அப்பாவும் இறந்துபோனார். 1923இல் அம்மாவும் மகனும் மட்டும் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள். பையனுக்கு வயது 16.

அந்த ஒரு தாளால், அதாவது தாத்தா காலத்தில் கிடைத்த குடியுரிமையால், உயிரும் எதிர்காலமும் தப்பின. அது இல்லாத ஆயிரக்கணக்கானோர் அதே துறைமுகத்தில் கப்பலுக்காகக் காத்துக் கிடந்தார்கள் என்பதை மறந்துவிட முடியாது.

லண்டனில் பேட்டர்சீ தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் படித்தார். வரைவதில் கில்லாடி, கணக்கில் பூஜ்ஜியம். கணிதத் தேர்வில் மூன்று முறை தோற்றார். சுத்தக் கணிதம் கற்பனைக்கு எதிரி என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். கணக்கில் கோட்டைவிட்ட மாணவர்களுக்கு இது ஆறுதலாக இருக்கலாம். ஆனால் ஒன்று: பிற்காலத்தில் அவர் வரைந்த படங்களை வைத்துக் கணக்குப் போட அவரைச் சுற்றி ஒரு குழுவே இருந்தது!

14 அங்குலத்தில் முதல் சோதனை

படித்து முடித்து, சில நிறுவனங்களில் வேலை பார்த்து, 1936இல் மோரிஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். ஓய்வு நேரத்தில் ஜார்ஜ் டவுசன் என்ற நண்பருடன் சேர்ந்து கையாலேயே ஒரு பந்தயக் கார் செய்தார். முடிக்கப் பல ஆண்டுகள் பிடித்தன. அந்தக் காரின் பெயரே லைட்வெயிட் ஸ்பெஷல். எடையைக் குறைப்பதுதான் குறிக்கோள். சஸ்பென்ஷனில் இரும்புச் சுருளுக்குப் பதில் ரப்பரைப் பயன்படுத்தினார். இந்த இரண்டு எண்ணங்களும் பிறகு மினியில் திரும்ப வரும்.

போர்க்காலத்திலேயே அவர் ஒரு சிறிய குடும்பக் காரை வரையத் தொடங்கிவிட்டார். 1948இல் மோரிஸ் மைனர் என்ற பெயரில் அது வெளிவந்தது. அதற்கு முன்பு வந்த மோரிஸ் எய்ட் காரின் சக்கரம் 17 அங்குலம். இசிகோனிஸ் மைனருக்கு வைத்தது 14 அங்குலம்.

ஏன்? சக்கரம் பெரிதாக இருந்தால் அது சுழலவும் திரும்பவும் காருக்குள் பெரிய குழி வேண்டும். அந்தக் குழி எங்கே போகும்? உள்ளே உட்காருபவரின் காலுக்கும் தோளுக்கும் போகவேண்டிய இடத்தைத்தான் அது தின்னும். சக்கரத்தைக் குறைத்தால் அதே நீளமுள்ள காரில் மனிதர்களுக்கு இடம் கூடும். கேட்டால் சின்ன விஷயம் போல இருக்கும். இசிகோனிஸின் வாழ்நாள் வேலை முழுவதும் இந்த ஒரு எண்ணத்தின் மேல்தான் நிற்கிறது.

மைனர் பற்றி இன்னொரு கதையும் உண்டு. கார் ஏறக்குறைய தயாராகிவிட்ட நேரத்தில் அதன் அகலம் அவருக்குப் பிடிக்கவில்லை. மாதிரிக் காரை நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் சொன்னார். இரண்டு பாதிகளையும் மெல்ல மெல்ல விலக்கிப் பார்த்து, 4 அங்குலம் விலகியதும் போதும் என்றார். மைனர் காரின் முன்மூடியில் நடுவே ஓடும் அகலமான மேடு அந்த 4 அங்குலம்தான். முதலாளி நஃபீல்ட் பிரபுவுக்குக் காரின் தோற்றமே பிடிக்கவில்லை, முட்டை மாதிரி இருக்கிறது என்று கிண்டலடித்தார். அந்த முட்டைதான் 10 லட்சம் விற்ற முதல் பிரிட்டிஷ் கார் ஆனது.

எண்ணெய் நின்றது, வாய்ப்பு வந்தது

1952இல் மோரிஸும் ஆஸ்டினும் இணைந்து பிஎம்சி என்ற நிறுவனமாயின. இசிகோனிஸ் அங்கிருந்து ஆல்விஸ் நிறுவனத்துக்குப் போனார். அங்கே அவர் வடிவமைத்த கார் தயாரிப்புக்கே வரவில்லை. 1955 கடைசியில் பிஎம்சி தலைவர் லியனர்ட் லார்ட் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார்.

அடுத்த ஆண்டு சூயஸ் கால்வாய் நெருக்கடி. எகிப்து கால்வாயை நாட்டுடைமையாக்கியது, போர் மூண்டது, எண்ணெய்க் கப்பல்கள் வருவது தடைபட்டது. பிரிட்டனில் 1956 டிசம்பரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. மக்கள் ஜெர்மனியிலிருந்து வந்த, முட்டைக் கூடு போன்ற மூன்று சக்கர வண்டிகளை வாங்க ஆரம்பித்தார்கள். லார்டுக்கு அவற்றைக் கண்டாலே ஆகாது. அவற்றைத் தெருவிலிருந்து விரட்ட ஒழுங்கான ஒரு சின்னக் கார் வேண்டும் என்று 1957இல் இசிகோனிஸிடம் சொன்னார். நிபந்தனை ஒன்றுதான். இன்ஜின் புதிதாகச் செய்யக்கூடாது, நிறுவனத்திடம் இருப்பதைத்தான் பயன்படுத்தவேண்டும்.

இசிகோனிஸ் தனக்குத் தானே விதித்துக்கொண்ட நிபந்தனைகள் இன்னும் கடுமையானவை. கார் 10 அடி நீளம், அதாவது சுமார் 3 மீட்டர். நாலு பேர் வசதியாக உட்காரவேண்டும், பெட்டிக்கும் இடம் வேண்டும். காரின் நீளத்தில் 80 விழுக்காடு மனிதருக்கும் சாமானுக்கும், மீதி 20 விழுக்காடு மட்டும் இயந்திரத்துக்கு.

இது எப்படி முடியும்? நீளவாக்கில் இருந்த இன்ஜினைக் குறுக்கே திருப்பிப் போட்டார். அப்படிச் செய்தால் கியர்பாக்ஸுக்கு இடமில்லை. அதை இன்ஜினுக்கு அடியில், எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே வைத்துவிட்டார். முன்சக்கரங்களே காரை இழுப்பதால் பின்பக்கம் போகும் நீண்ட சுழல்தண்டும் தேவையில்லை. இன்ஜினைக் குறுக்கே வைத்த கார்கள் முன்பே சில இருந்தன. ஆனால் நாலு சிலிண்டர் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இப்படி மாடி வீடு போல அடுக்கியது புதுசு. இன்று நம் சாலைகளில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவை, மைவி உட்பட, குறுக்கு இன்ஜினும் முன்சக்கர இழுவையும் கொண்டவைதான். கியர்பாக்ஸை மட்டும் இன்று அடியில் வைப்பதில்லை, இன்ஜினுக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள்.

சக்கரத்துக்கு ஒரு பேரம்

இன்ஜின் பிரச்சினை தீர்ந்தது. மிச்சம் சக்கரம். மைனரின் 14 அங்குலம் இந்த அளவுக் காருக்கு மிகப் பெரிது. டன்லப் டயர் நிறுவனத்தாரைக் கூப்பிட்டார். இந்தக் காருக்கு ஏற்ற 10 அங்குல டயரைப் புதிதாகத்தான் உருவாக்கவேண்டும். அவர்கள் தயங்குவார்கள் என்று அவருக்குத் தெரியும்.

பசார் மாலாமில் பேரம் பேசியவர்களுக்கு அடுத்து நடந்தது புரியும். மனசுக்குள் 10 அங்குலம் என்று முடிவு செய்திருந்தவர், வாயைத் திறந்து கேட்டது 8 அங்குலம்! டன்லப்காரர்கள் முடியவே முடியாது என்றார்கள். இழுபறிக்குப் பிறகு 10 அங்குலத்தில் உடன்பாடு வந்தது. விட்டுக்கொடுத்த மாதிரி நடித்து, வேண்டியதை வாங்கிக்கொண்டார்.

டன்லப் தயங்கியது வீம்புக்காக இல்லை. அதற்குச் சரியான காரணம் இருந்தது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பழைய மினியில் பின்னாளில் போட்ட 145/80 ஆர்10 டயரை எடுத்துக்கொள்வோம். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பது. கடைசி எண் ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில். எல்லாம் கூட்டினால் டயரின் மொத்தக் குறுக்களவு 486 மில்லிமீட்டர். ஒரு சுற்றுக்கு அது உருளும் தூரம் சுமார் 1.53 மீட்டர். ஒரு கிலோமீட்டர் ஓட 655 முறை சுழலவேண்டும்.

இன்றைய சிறிய கார்களில் பரவலாக இருக்கும் 185/55 ஆர்15 டயர்? குறுக்களவு 584.5 மில்லிமீட்டர், ஒரு சுற்றுக்கு 1.84 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு 545 சுற்று போதும்.

அப்படின்னா சின்ன டயர் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 110 முறை கூடுதலாக நசுங்கி விரிகிறது. டயர் சூடாவது இந்த நசுங்கலால்தான். அந்தச் சூட்டைத் தாங்க அதில் இருக்கும் ரப்பரும் குறைவு. சீக்கிரம் தேயும், வேகமாகப் போனால் கொதிக்கும். டன்லப் பொறியாளர்கள் பயந்தது இதற்குத்தான். கடைசியில் அந்தச் சூட்டைத் தாங்கும் டயரை அவர்களே செய்தும் காட்டினார்கள்.

இங்கே நமக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. அந்தக் காலத்தில் டன்லப் நிறுவனத்துக்கு மலாயாவில் பெரிய ரப்பர் தோட்டங்கள் இருந்தன. மலாயாவின் தோட்டங்களில் விடிவதற்கு முன்பே எழுந்து பால் மரம் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். மினியின் டயரில் எந்தத் தோட்டத்துப் பால் இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் உலகின் கார்கள் உருண்ட ரப்பரில் நம் தாத்தா பாட்டிகளின் வியர்வை உண்டு. கார் வரலாற்றுப் புத்தகங்களில் அந்தப் பக்கம் ரொம்ப மெலிசாகத்தான் இருக்கும்.

ரப்பரைப் பற்றிப் பேசும்போதே சொல்லிவிடலாம். மினியின் சஸ்பென்ஷனும் ரப்பர்தான். இசிகோனிஸின் நண்பர் அலெக்ஸ் மோல்டன், ரப்பர் தொழில் செய்த குடும்பத்தில் வந்தவர். அவர் வடிவமைத்த ரப்பர்க் கூம்புகள் இரும்புச் சுருள்களைவிட மிகக் குறைந்த இடத்தில் அடங்கின. கார் காலியாக இருக்கும்போது கொஞ்சம் மென்மை, நாலு பேர் ஏறினால் தானாகவே இறுக்கம். இருந்தாலும் மினியில் நீண்ட பயணம் போனால் முதுகுக்கு வேலை இருக்கும் என்பதும் உண்மை.

சின்னச் சக்கரம் காருக்கு என்ன செய்தது?

முதல் நன்மையைப் பார்த்தாகிவிட்டது: இடம்.

இரண்டாவது, எடை. சக்கரம், டயர், பிரேக் இவையெல்லாம் சஸ்பென்ஷனுக்குக் கீழே தொங்கும் எடை. கார் மேட்டில் ஏறி இறங்கும்போது இந்த எடையைத்தான் சஸ்பென்ஷன் மேலும் கீழும் கட்டுப்படுத்தவேண்டும். எடை குறைந்தால் சக்கரம் சாலையை விட்டுத் துள்ளாமல் ஒட்டிக்கொண்டே ஓடும். ஒட்டியிருந்தால்தான் பிடிப்பு. எடை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். சுழல்நாற்காலியில் கையை நீட்டிக்கொண்டு சுற்றிப் பாருங்கள், பிறகு கையை மடக்கிப் பாருங்கள். மடக்கியதும் வேகம் கூடும். எடை நடுவிலிருந்து தள்ளிப் போகப்போக அதைச் சுழற்றுவதும் நிறுத்துவதும் கஷ்டம். பெரிய ரிம்மில் எடை வெளி விளிம்பில் இருக்கிறது. காரை நகர்த்துவதற்கு முன் இன்ஜின் அதைச் சுழற்றியாக வேண்டும்.

மூன்றாவது, இழுவை. இன்ஜின் தரும் சுழல்விசை டயரின் ஆரத்தால் வகுபட்டுத்தான் சாலைக்கு வந்து சேருகிறது. ஆரம் குறைந்தால் சாலையைத் தள்ளும் விசை கூடும். முதல் மினியின் இன்ஜின் 848 சிசி, 34 குதிரைத்திறன் மட்டும்தான். இருந்தும் சுறுசுறுப்பாகக் கிளம்பியதற்குக் காரின் எடை சுமார் 600 கிலோ என்பது பெரிய காரணம், சின்னச் சக்கரமும் அதற்குக் கைகொடுத்தது. பதிலுக்கு, விரைவுச்சாலை வேகத்தில் சின்னச் சக்கரம் அதிக முறை சுழல வேண்டியிருப்பதால் இன்ஜினும் கத்திக்கொண்டே ஓடும். உச்ச வேகம் மணிக்குச் சுமார் 116 கிலோமீட்டர். முதலில் செய்த மாதிரிக் கார்களில் 948 சிசி இன்ஜின் இருந்தது, அவை மணிக்கு 145 கிலோமீட்டர் வரை போயின. சாதாரணக் குடும்பத்துக்கு அது ஆபத்து என்று இன்ஜினைச் சிறிதாக்கினார்கள்.

இப்போது விலை. சின்னச் சக்கரத்துக்கு எல்லாக் குழியும் பெரிய குழிதான். பெரிய சக்கரம் தாண்டிப் போகிற பள்ளத்தில் சின்னது இறங்கி ஏறும். அதைவிடப் பெரிய பிரச்சினை பிரேக். பிரேக் ரிம்முக்குள்ளேதான் அடங்கவேண்டும். 10 அங்குல ரிம்முக்குள் 7 அங்குல டிரம் பிரேக்தான் வைக்க முடிந்தது. 34 குதிரைத்திறன் காருக்கு அது பரவாயில்லை. ஆனால் மினியை யாரும் மெதுவாக ஓட்டவில்லையே!

வெளியீடும் வெற்றியும்

1959 ஆகஸ்ட் 26ஆம் தேதி கார் வெளியிடப்பட்டது. மோரிஸ் மினி மைனர், ஆஸ்டின் செவன் என்று ஒரே காருக்கு இரண்டு பெயர். வரியோடு சேர்த்து விலை 500 பவுண்டுக்கும் கீழே. ஆரம்பத்தில் மழை பெய்தால் தரைக்குள் தண்ணீர் கசிந்தது. கேலி செய்தார்கள். போட்டி நிறுவனமான ஃபோர்டு ஒரு மினியை வாங்கி அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்து, இந்த விலைக்கு விற்றால் ஒரு காருக்குச் சுமார் 30 பவுண்ட் நட்டம் என்று கணக்கிட்டதாகச் சொல்வார்கள். பிஎம்சி லாபக் கணக்கில் கெட்டிக்காரர்கள் இல்லை என்பது மட்டும் பிற்கால வரலாற்றில் தெளிவாகவே தெரிந்தது.

ஏழைக் குடும்பத்துக்கென்று செய்த காரை முதலில் பிரபலமாக்கியது பணக்காரர்களும் பிரபலங்களும்தான். பீட்டில்ஸ் நால்வரிடமும் மினி இருந்தது. அதைப் பார்த்து மற்றவர்களும் வாங்கினார்கள்.

பந்தயக் கார் செய்யும் ஜான் கூப்பர் மினியை ஓட்டிப் பார்த்ததும் கண்டுகொண்டார். நாலு சக்கரமும் நாலு மூலையில், எடை குறைவு, கீழே பதுங்கிய உடல். வளைவில் இதைப் பிடிக்க முடியாது. வேகமான மினி ஒன்றைச் செய்யலாம் என்று இசிகோனிஸிடம் கேட்டார். இசிகோனிஸுக்கு அதில் ஆர்வமில்லை. இது மக்களுக்கான கார், பந்தயத்துக்கு இல்லை என்பது அவர் கட்சி. கூப்பர் நிர்வாகத்திடம் நேரே போய் அனுமதி வாங்கிவிட்டார்.

1961இல் மினி கூப்பர் வந்தது, 55 குதிரைத்திறனோடு. இப்போது பிரேக் பிரச்சினை முன்னால் வந்து நின்றது. வேகம் கூடிவிட்டது, ரிம் அதே 10 அங்குலம். லாக்ஹீட் நிறுவனம் 7 அங்குலத்தில் ஒரு குட்டி டிஸ்க் பிரேக்கைச் செய்து உள்ளே நுழைத்தது. 1963இல் வந்த கூப்பர் எஸ் காருக்கு அதை 7.5 அங்குலமாக்கினார்கள். அந்த ரிம்முக்குள் அதற்கு மேல் அரை விரல் இடம்கூட இல்லை.

பிறகு மோண்டி கார்லோ ராலி. பனியும் பனிக்கட்டியும் மூடிய மலைப்பாதைகள். 1964இல் பேடி ஹாப்கர்க், 1965இல் டிமோ மாக்கினன், 1967இல் ரவுனோ ஆல்டனன் என்று மூன்று முறை மினி வென்றது. முதல் ஆண்டு அது வென்றது வி8 இன்ஜின் பூட்டிய பெரிய ஃபோர்டு கார்களை. 1966இலும் முதல் மூன்று இடங்களில் வந்தது மினிதான், ஆனால் முகப்பு விளக்கு விதிமீறல் என்று சொல்லித் தகுதி நீக்கம் செய்துவிட்டார்கள். இன்று வரை பிரிட்டிஷ் ரசிகர்கள் அதை மறக்கவில்லை.

அப்போ நம்ம ரிம்மை மாத்தலாமா?

மாற்றலாம். ஆனால் இசிகோனிஸ் போட்ட அதே கணக்கைப் போட்டுப் பார்க்கவேண்டும்.

முதலில் டயரின் மொத்தக் குறுக்களவு மாறக்கூடாது. 185/55 ஆர்15 போட்டிருந்த காருக்கு 195/45 ஆர்16 போட்டால் குறுக்களவு 582 மில்லிமீட்டர். வித்தியாசம் அரை விழுக்காடுகூட இல்லை. அதே 16 அங்குல ரிம்மில் 205/50 போட்டால் 611 மில்லிமீட்டர், 4.6 விழுக்காடு அதிகம். காரின் வேகமானி சக்கரத்தின் சுற்றைத்தான் எண்ணுகிறது. டயர் பெரிதானது அதற்குத் தெரியாது. முன்பு 100 காட்டிய இடத்தில் இப்போதும் 100தான் காட்டும், ஆனால் கார் முன்பைவிட 4.6 விழுக்காடு வேகமாகப் போய்க்கொண்டிருக்கும். வேகக் கண்காணிப்புக் கேமராவிடம் இந்த விளக்கம் எடுபடாது.

ரிம் பெரிதாகி மொத்த அளவு மாறாவிட்டால், குறைவது டயரின் பக்கச் சுவர். மேலே சொன்ன உதாரணத்தில் 102 மில்லிமீட்டர் சுவர் 88 ஆகிறது. சுவர் குட்டையானால் வளைவில் டயர் நெளிவது குறையும், ஸ்டீயரிங் கூர்மையாகும். அது உண்மையான நன்மை. ஆனால் குழியில் விழும்போது ரிம்மைக் காப்பாற்றுவதும் அதே சுவர்தான். ரிம் நெளிந்தால் செலவு யாருடையது என்று சொல்லத் தேவையில்லை. ரிம்மின் எடையையும் கடையில் கேளுங்கள். மலிவான பெரிய ரிம்கள் பல நேரங்களில் பழையதைவிட கனமாக இருக்கும். கார் பார்க்க வேகமாகத் தெரியும், கிளம்பும்போது மந்தமாகும், பெட்ரோலும் கூடக் குடிக்கும்.

அகலமும் அப்படித்தான். அகலமான டயர் காய்ந்த சாலையில், வளைவில் உதவும். நம் ஊர் மழையில் கதை வேறு. டயருக்கு அடியிலிருக்கும் நீரை வெளியே தள்ள வேண்டும். அகலம் கூடினால் தள்ளவேண்டிய நீரும் கூடும். பூ தேய்ந்த அகல டயர் தேங்கிய நீரில் சீக்கிரமே மிதக்க ஆரம்பிக்கும். மிதக்கும் காரில் பிரேக்கும் இல்லை, ஸ்டீயரிங்கும் இல்லை.

காரின் ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளைப் பாருங்கள். தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் டயர் அளவும் காற்றழுத்தமும் பெரும்பாலான கார்களில் அங்கேயே இருக்கும்.

பிடிவாதத்தின் மறுபக்கம்

மினிக்குப் பிறகு 1962இல் வந்த 1100 கார் பிரிட்டனில் அமோகமாக விற்றது. அதில் சக்கரம் 12 அங்குலம். 1964இல் வந்த 1800 காரும் 1969இல் வந்த மேக்ஸியும் அந்த அளவுக்கு எடுபடவில்லை. உள்ளே இடம் தாராளம், பார்ப்பதற்கு அழகில்லை. இசிகோனிஸ் சந்தை ஆய்வை நம்பாதவர். மக்களுக்கு என்ன வேண்டும் என்று மக்களைக் கேட்கத் தேவையில்லை, எனக்குத் தெரியும் என்ற ரகம். கார் ஓட்டும்போது கொஞ்சம் அசௌகரியம் இருந்தால்தான் ஓட்டுநர் விழிப்பாக இருப்பார் என்றுகூட நினைத்தார். மினி விஷயத்தில் அந்தத் தன்னம்பிக்கை பலித்தது. எப்போதும் பலிக்கவில்லை. என் கணிப்பில், 10 அங்குலத்துக்கு அடம்பிடித்த அதே குணம்தான் பின்னாளில் அவருக்கு எதிராகவும் வேலை செய்தது.

1968இல் பிஎம்சி லேலண்டுடன் இணைந்ததும் புதிய நிர்வாகம் அவரை ஓரங்கட்டியது. மினிக்குப் பதிலாக 9எக்ஸ் என்று ஒரு புதிய காரை வடிவமைத்திருந்தார். மினியைவிட நீளம் குறைவு, உள்ளே இடம் அதிகம். அது மாதிரிக் காராகவே நின்றுவிட்டது. 1969இல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. 1971இல் ஓய்வு பெற்றார், ஆலோசகராகத் தொடர்ந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவோடுதான் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழித்தார். 1988 அக்டோபர் 2ஆம் தேதி, 81 வயதில் பர்மிங்ஹாமில் காலமானார்.

அவர் இறப்பதற்கு நாலு ஆண்டுகளுக்கு முன்பே, 1984இல், மினியின் சக்கரம் 12 அங்குலமானது. காரணம் அழகு இல்லை. எல்லா மினிக்கும் முன்பக்கம் 8.4 அங்குல டிஸ்க் பிரேக் கொடுக்க முடிவு செய்தார்கள், அது 10 அங்குல ரிம்முக்குள் நுழையவில்லை.

பழைய மினி 2000ஆம் ஆண்டு அக்டோபர் வரை தயாரிக்கப்பட்டது. மொத்தம் சுமார் 53 லட்சம் கார்கள். அதற்குள் 1994இல் அந்த நிறுவனத்தை ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ வாங்கியிருந்தது. அப்போது பிஎம்டபிள்யூ தலைவராக இருந்த பெர்ன்ட் பிஷட்ஸ்ரீடர், இசிகோனிஸின் அம்மா வழி உறவினர். 2001இல் பிஎம்டபிள்யூ வெளியிட்ட புதிய மினியின் நீளம் சுமார் 3.6 மீட்டர். சக்கரம் 15 அங்குலத்தில் தொடங்கி, கூடுதல் பணம் கொடுத்தால் 17 அங்குலம் வரை.